இரண்டாவது புத்தகம்: கவிதை கேட்டு வருபவருக்கு எதை, எப்படிக் கொடுப்பது?

"அண்ணாச்சி, கவிதை வாசிக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. நல்லதா ஒரு புக்கு சொல்லுங்களேன்."

கேட்டவர் அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேஜைக்காரர். இருபது வருஷத்துக்கு முந்தைய கதை. யாராவது கவிதை பற்றிக் கேட்டுவிட மாட்டார்களா என்று நான் ஏங்கிக் கிடந்த காலம் அது. மறுநாள் காலையிலேயே ஒரு முழுத்தொகுப்பைத் தூக்கிக்கொண்டு போய் அவர் மேஜையில் வைத்தேன். ஒரு கவிஞர் நாற்பது வருஷம் எழுதியதெல்லாம் ஒரே அட்டைக்குள், செங்கல் கனம். மூன்று மாதம் நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒருநாள் பார்த்தால் அவருடைய கம்ப்யூட்டர் மானிட்டர் அந்தப் புத்தகத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. "உயரம் கச்சிதமா இருக்கு அண்ணாச்சி, கழுத்துவலி போயே போச்சு" என்றார். கிண்டலில்லை, மனமார்ந்த நன்றி.

அவர் மேல் எனக்கு வருத்தமே வரவில்லை. அவர் என்ன வாசிப்பார், எப்போது வாசிப்பார் என்று ஒரு வார்த்தை கேட்காமல் எனக்குப் பிடித்ததை அவர் தலையில் கட்டியிருந்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ பேருக்குக் கொடுத்து, பாதிக்கு மேல் தவறவிட்டு, கொஞ்சம் பிடிபட்டிருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால், முதலில் கொடுப்பது நாடி பார்க்கத்தான். அதைப் படித்துவிட்டு அந்த ஆள் என்ன சொல்கிறார் என்று கேட்டு, அந்தப் பேச்சை வைத்துக் கொடுக்கும் இரண்டாவதுதான் பரிந்துரை. அந்த இரண்டாவது வரை எப்படிப் போய்ச் சேர்வது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் கேட்க வேண்டியது

"உங்களுக்கு எந்த மாதிரிக் கவிதை பிடிக்கும்?" என்று கேட்காதீர்கள். அது தெரிந்தால் அவர் ஏன் நம்மிடம் வருகிறார்? நான் கேட்பது வேறு. யோசிக்காமல் வாயில் வருகிற வரி எது? சினிமாப் பாட்டோ, தேவாரமோ, பள்ளிக்கூடத்து மனப்பாடச் செய்யுளோ, எதுவானாலும் சரி. கடைசியாக முழுசாகப் படித்து முடித்த புத்தகம் எது? எங்கே உட்கார்ந்து படிப்பீர்கள், பஸ்ஸிலா, தூங்கப் போகும்போதா?

பதிலைக் கவனித்துக் கேட்டால் பாதி வேலை முடிந்தது. ஒருவர் "அத்திக்காய் காய் காய்" என்றார். 'பலே பாண்டியா'வில் கண்ணதாசன் எழுதிய பாட்டு. காய் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு காய்கறிக் கடையையும் நிலாவையும் ஒரே வரியில் ஓட்டிக் காட்டுகிற பாட்டு. இந்த ஆளுக்கு மொழி விளையாட வேண்டும். அவரிடம் போய் இருத்தல், தனிமை என்று நவீன கவிதையை நீட்டினால் ஓடிவிடுவார். நான் நீட்டியது காளமேகம். "ஆடிக் குடத்தடையும் ஆடும்போதே இரையும், மூடித் திறக்கின் முகங்காட்டும்" என்று தொடங்கும் வெண்பாவைச் சொல்லி, "இது பாம்பா எள்ளா?" என்று கேட்டேன். படமெடுத்து ஆடிவிட்டுக் குடத்துக்குள் போகிற பாம்பு. செக்கில் ஆடி எண்ணெயாகிக் குடத்துக்குள் போகிற எள். ஆடும்போது இரண்டும் இரையும். குடத்தைத் திறந்தால் பாம்பும் முகம் காட்டும், எண்ணெயிலும் நம் முகம் தெரியும். மனுஷன் டீயை ஆறவிட்டுவிட்டு அதையே சொல்லிச் சொல்லிப் பார்த்தார். அடுத்த வாரம் தனிப்பாடல் திரட்டு வாங்கிவிட்டார்.

சினிமாப் பாட்டைச் சொல்கிறவரைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிற பழக்கம் நம் இலக்கியவாதிகளிடம் உண்டு. மு. மேத்தாவின் 'கண்ணீர்ப் பூக்க'ளைக் கல்லூரியில் படித்து உருகினேன் என்று சொல்கிறவரிடமும் அதே பிதுக்கல். அந்தப் புத்தகம் வந்தது 1974-இல். அதைப் படித்துவிட்டுக் கவிதை எழுத உட்கார்ந்தவர்கள் எத்தனையோ பேர். ஒருவர் ஏற்கெனவே எதையோ நேசிக்கிறார் என்றால் அது நமக்குக் கிடைத்த கைப்பிடி. அதை வெட்டிவிட்டு அவரை எதைப் பிடித்து இழுப்பது?

ஒரே ஒரு கவிதை, வாய்விட்டு

புத்தகம் வேண்டாம். கவிஞர் பெயர்கூட அப்புறம். ஒரு கவிதையை எடுத்து, எதிரில் உட்கார்ந்து, சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். போனில் குரல்பதிவாக அனுப்பினாலும் சரி.

"பாரதியெல்லாம் ஸ்கூல்லயே படிச்சாச்சு" என்கிறவர்களுக்கு நான் வைத்திருக்கும் மருந்து அவருடைய வசன கவிதை. 'காற்று' பகுதியில் ஒரு மாடி, ஒரு ஓலைப் பந்தல். பந்தலில் மிச்சமாகத் தொங்குகிறது ஒரு துண்டுக் கயிறு. இல்லை, இரண்டு கயிறு. ஒன்று ஒரு சாண், மற்றொன்று முக்கால் சாண். ஒன்று ஆண், ஒன்று பெண், புருஷன் பெண்சாதி. அவன் பெயர் கந்தன், அவள் பெயர் வள்ளியம்மை. கந்தன் மேலே கை போட வர, வள்ளியம்மை கொஞ்சம் பின்வாங்குகிறாள். அந்த நேரம் பார்த்து நம் கவிஞர் அங்கே போய் நிற்கிறார். கயிற்றோடு பேச்சு கொடுக்கிறார். அப்புறம் காற்று வருகிறது.

இதை வாசிக்கும்போது எதிரில் இருப்பவர் முகத்தைப் பாருங்கள். மீசையும் முண்டாசுமாக அவர் மனதில் இருந்த ஆள் மொட்டை மாடியில் நின்று கயிற்றோடு பேசுகிறார். சிரிப்பு வரும். சிரிப்பு வந்துவிட்டால் அடுத்த பக்கம் அவரே கேட்பார். இதைப் பரிந்துரைக்கக் காசும் செலவில்லை. வசன கவிதை முழுதும் மதுரைத் திட்டத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 1998 தைப்பொங்கலில் தொடங்கி, தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தே வளர்த்த சேமிப்பு அது.

சொல்வதைக் கேளுங்கள், இங்கேதான் காரியம் இருக்கிறது

என் தம்பி மகளுக்குக் கல்யாணமான புதுசு. குறுந்தொகையிலிருந்து ஒன்று சொல்லலாம் என்று நினைத்தேன். "யாயும் ஞாயும் யாரா கியரோ" வேண்டாம். அது இப்போது கல்யாணப் பத்திரிகைகளில் பிள்ளையார் சுழிக்கு அடுத்த இடத்தைப் பிடித்துவிட்டது. நான் எடுத்தது 167-ஆம் பாட்டு, கூடலூர் கிழார் பாடியது. ஆறே அடி.

முளிதயிர் பிசைந்த காந்தள் மெல்விரல்
கழுவுறு கலிங்கம் கழாஅது உடீஇக்
குவளை உண்கண் குய்ப்புகை கமழத்
தான்துழந்து அட்ட தீம்புளிப் பாகர்
இனிதெனக் கணவன் உண்டலின்
நுண்ணிதின் மகிழ்ந்தன்று ஒண்ணுதல் முகனே.

மகளைப் புகுந்த வீட்டில் பார்த்துவிட்டு வந்த செவிலி, பெற்றவளிடம் சொல்கிறாள். நன்றாக உறைந்த தயிரைக் கையால் பிசைந்தாள், விரலைச் சேலையிலேயே துடைத்துக்கொண்டாள், அதை மாற்றக்கூட நேரமில்லை. தாளிக்கிற புகை மை தீட்டிய கண்ணில் ஏறுகிறது. அவளே துழாவிச் சமைத்த புளிக்குழம்பை அவன் "நல்லா இருக்கு" என்று சாப்பிட்டான். அவள் முகம் நுண்ணிதின் மகிழ்ந்தது. அந்த 'நுண்ணிதின்' என்ற சொல்லில் நான் எப்போதும் நின்றுவிடுவேன். பார்க்கத் தெரிந்தவளுக்கு மட்டும் தெரிகிற மகிழ்ச்சி அது. 'குய்' என்றால் தாளிப்பு என்றும் சொன்னேன். எண்ணெயில் கடுகு விழுகிற சத்தம் அந்தச் சொல்லிலேயே எனக்குக் கேட்கும்.

அவள் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "நல்லாத்தான் இருக்கு பெரியப்பா. ஆனா சமைச்சுப் போட்டுட்டு, அவன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்கணுமாக்கும்?"

இந்த இடத்தில் பலபேர் விவாதத்தில் இறங்கிவிடுவார்கள். அந்தக் காலம், அகமரபு, திணை, துறை என்று வகுப்பெடுத்து அவள் வாயை அடைத்துவிடலாம். அடைத்தால் கதை முடிந்தது. அவள் சொன்ன அந்த வாக்கியம்தான் எனக்குக் கிடைத்த விலாசம். கோபமுள்ள பெண் குரல் அவளுக்கு வேண்டும். ஆகவே அதே குறுந்தொகையில் 28, ஔவையார். "முட்டு வேன்கொல் தாக்கு வேன்கொல்" என்று தொடங்கும். என் நோவு தெரியாமல் தூங்குகிறதே இந்த ஊர், இதைப் போய் முட்டுவேனா, தாக்குவேனா, ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு ஆ, ஒல் என்று கூப்பாடு போடுவேனா என்கிறாள் ஒருத்தி. என் தம்பி மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இது எழுதி எவ்வளவு நாளாச்சு?" என்றாள். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

மூன்றாவதாகக் கொடுத்தது சல்மாவின் 'ஒப்பந்தம்' என்ற கவிதை. அம்மா நாசூக்காகச் சொல்வதையே அக்கா கோபமாகச் சொல்கிறாள் என்று தொடங்கிப் படுக்கையறைக்குள் போகிறது. அதற்கப்புறம் அவளே போய் 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' (2000) தொகுப்பைத் தேடி வாங்கினாள். எடுத்த எடுப்பில் அதை நான் கொடுத்திருந்தால், "பெரியப்பா ஏன் இதை எனக்குக் கொடுக்கிறார்?" என்று சங்கடப்பட்டிருப்பாள். அவளே கேட்டு வந்த மாதிரி வந்தது.

"புரியல" என்றால் எது புரியவில்லை?

புதிதாகப் படிக்கிறவர்கள் அடிக்கடி சொல்லும் சொல் இது. எல்லாப் 'புரியல'வும் ஒரே ஜாதி கிடையாது. மருந்தும் வேறு வேறு.

சில சமயம் சொல் புரியாது. சங்கப் பாட்டு பெரும்பாலும் இப்படி. அதற்கு உரை வேண்டும், வேறு வழி இல்லை. குறுந்தொகைக்கு 1937-இல் வந்த உ.வே.சா. பதிப்பு இன்றும் கைகொடுக்கிறது. பதவுரை, முடிபு, விளக்கம் என்று படி வைத்து இறக்கிவிடுவார். கடவுள் வாழ்த்தை விட்டால் 401 பாட்டு. பெரும்பாலும் நாலிலிருந்து எட்டு அடிக்குள் முடிந்துவிடும் என்பதால் பஸ்ஸில் படிக்கிறவருக்குக்கூட இதைச் சொல்லலாம். முதல் வாசிப்பில் உரையைத் தொடாதீர்கள், பாட்டை மட்டும் இரண்டு தடவை வாய்விட்டுப் படியுங்கள், அப்புறம் உரை, மறுபடி பாட்டு என்று ஒரு வரிசை சொல்லிக்கொடுத்துவிட வேண்டும்.

சில சமயம் சம்பவம் புரியாது. ஈழத்துக் கவிதைகளில் நம்மூர் வாசகர் தடுக்கி விழுவது இங்கேதான். எம்.ஏ. நுஃமானின் 'புத்தரின் படுகொலை'யை எடுத்துக்கொள்ளுங்கள். சிவில் உடையில் வந்தவர்கள் புத்தரைச் சுடுகிறார்கள், யாழ் நூலகப் படிக்கட்டருகே உடல் கிடக்கிறது, புத்தகங்களை அள்ளி மூடிக் கொளுத்துகிறார்கள். வார்த்தை ஒன்றும் கடினமில்லை. ஆனால் யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981-இல் மே 31 இரவு தொடங்கி எரிக்கப்பட்டது, தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள் போயின என்பது தெரியாமல் படித்தால் ஏதோ உருவகம் என்று கடந்துபோய்விடுவார். ஆகவே ஈழத்துக் கவிதை கொடுக்கும்போது ஒரு தேதியையும் சேர்த்துக் கொடுங்கள். அரை நிமிஷம் போதும். 'மரணத்துள் வாழ்வோம்' (1985) தொகைநூலைக் கொடுக்கும்போது 1983 ஜூலையில் இலங்கைத் தமிழர்கள்மேல் நடந்த வன்முறையைச் சொல்லுங்கள். அதற்கு மேல் அரசியல் வகுப்பு வேண்டாம். மீதியைக் கவிதைகள் பார்த்துக்கொள்ளும்.

மூன்றாவது வகையில் எல்லாச் சொல்லும் தெரியும், சம்பவமும் ஒன்றுமில்லை, ஆனாலும் புரியாது. நகுலனுடைய அந்த ராமச்சந்திரன் கவிதை. ராமச்சந்திரனா என்று ஒருவர் கேட்கிறார், ஆம் என்கிறார் மற்றவர். எந்த ராமச்சந்திரன் என்று இவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவ்வளவுதான் கவிதை. இதற்கு உரை எழுதினால் செத்துப்போகும். "இதுல என்ன அண்ணாச்சி இருக்கு?" என்று கேட்டால் நான் பதில் சொல்வதில்லை. "ரெண்டு நாள் கழிச்சுச் சொல்லுங்க" என்பேன். ஒருவர் திரும்பி வந்து, "பேங்க்குல என் பேரைக் கூப்பிட்டாங்க. எந்திரிச்சுப் போயிட்டேன். அப்புறந்தான் தோணுச்சு, எந்த நான்னு கேக்கலையேன்னு" என்றார். அவருக்கு அடுத்தது தேவதச்சன். இன்னொருவர் திரும்பி வரவே இல்லை. அதுவும் பதில்தான், அவருக்கு வேறு பக்கம் போக வேண்டும்.

எந்தத் தொகுப்பு?

கவிதை பிடித்துவிட்டது, புத்தகம் கேட்கிறார். இப்போது மூன்று வகை எதிரே நிற்கும்: ஒரு கவிஞரின் தனித்தொகுப்பு, அதே கவிஞரின் முழுத்தொகுப்பு, பலர் எழுதிய தொகைநூல். நான் சொல்வது எப்போதும் மெலிந்த தனித்தொகுப்பு. எண்பது பக்கம் இருந்தால் இரண்டு ராத்திரியில் முடியும், முடித்தோம் என்கிற தெம்பும் வரும். முழுத்தொகுப்பு மட்டுமே கிடைக்கிறது என்றால், "முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்காதீங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். முழுத்தொகுப்புகளைப் பெரும்பாலும் காலவரிசையில்தான் அடுக்குவார்கள். கவிஞர் இருபது வயதில் எழுதிய பயிற்சிக் கவிதைகளோடு வாசகரைத் தனியே விட்டுவிடக் கூடாது. நடுவில் திறக்கச் சொல்லுங்கள். பக்க எண்ணே குறித்துக் கொடுங்கள்.

ஆளுக்கேற்ற ஆரம்பம் என்று என் கைவசம் இருப்பவற்றைச் சொல்கிறேன். இது என் அலமாரி. உங்களுடையது வேறாக இருக்கும்.

கதை மட்டும் படிக்கிறவர்களுக்கு எங்கள் திருநெல்வேலியில் ஒரு சுலபமான வழி உண்டு. வண்ணதாசன் கதைகளை வருஷக்கணக்காகப் படிக்கிற ஒருவரிடம், "கல்யாண்ஜி படிச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன். "யாரு, புதுசா எழுதுறாரா?" என்றார். இரண்டு பேரும் ஒரே ஆள், கவிதைக்கு மட்டும் அந்தப் பெயர் என்றதும் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கிராமத்துக் கதைகளில் ஊறியவர்களுக்குப் பழமலயின் 'சனங்களின் கதை' (1988). உறவுக்காரர்களும் ஊர்க்காரர்களும் தென்னார்க்காட்டுப் பேச்சும் அப்படியே கவிதைக்குள் நடந்து வருவார்கள். கவிதையில் இப்படியும் எழுதலாமா என்று கேட்பார்கள். எழுதலாம்.

கிண்டல் பிடித்தவர்களுக்கு ஞானக்கூத்தனின் 'அன்று வேறு கிழமை' (1973). தமிழ்தான் தனக்கும் மூச்சு, ஆனால் அதைப் பிறர்மேல் விடமாட்டேன் என்றவர் அவர். மேடைப் பேச்சாளரின் மைக் இழுவையை எழுத்திலேயே இழுத்துக் காட்டிய 'காலவழுவமைதி'யை நீங்களே நடித்து வாசித்துக் காட்டுங்கள், அறை அதிரும். இன்றைக்கு எழுதுகிறவர்களில் அதே வேலையை வேறு குரலில் செய்கிறவர் இசை. 'சிவாஜி கணேசனின் முத்தங்கள்' என்று தலைப்பைச் சொன்னாலே வாங்கிவிடுவார்கள். குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு முகுந்த் நாகராஜன். அப்பாவும் அம்மாவும் மாறி மாறி வாசிப்பார்கள்.

நகரத்தில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர்களுக்கு ஆத்மாநாம், சுகுமாரனின் 'கோடைகாலக் குறிப்புகள்' (1985). இங்கே ஒரு வேண்டுகோள். ஆத்மாநாம் 33 வயதில் தற்கொலை செய்துகொண்டார் என்பதைச் சொல்லி அவர் கவிதையை விற்காதீர்கள். 1991-இல் போய்விட்ட யாழ்ப்பாணத்துச் சிவரமணிக்கும் இதேதான். சாவை முதலில் சொல்லிவிட்டால் வாசகர் ஒவ்வொரு வரியிலும் சாவைத்தான் தேடுவார். ஆத்மாநாமிடம் இருக்கிற குறும்பு அவர் கண்ணில் படாமலே போகும். அதோடு, கேட்கிற பையன் எந்த மனநிலையில் இருக்கிறான் என்று நமக்குத் தெரியாது. தெரியாதவரை அந்தக் கதை வேண்டாம்.

பெண் கவிஞர்களைப் பரிந்துரைக்கும்போது 'துணிச்சலாக எழுதியிருக்கிறார்' என்று சொல்வதை விட்டுவிடலாம். 2000 தொடங்கி நாலைந்து வருஷத்துக்குள் சல்மா, மாலதி மைத்ரி, குட்டி ரேவதி, சுகிர்தராணி தொகுப்புகள் அடுத்தடுத்து வந்தபோது அந்தச் சொல் காதில் விழாத நாள் இல்லை. பாராட்டு போலத்தான் ஒலிக்கும். கவிதையை யாரும் படிக்கவில்லை என்பதை மறைக்கவும் அது உதவியது. சுகிர்தராணியின் 'இரவு மிருக'த்தில் (2004) உடம்பு எப்படிப் பேசுகிறது, சாதி எங்கே இருந்து எட்டிப் பார்க்கிறது என்று சொல்லுங்கள். ஈழத்துப் பெண்களின் தொகைநூலான 'சொல்லாத சேதிகள்' யாழ்ப்பாணத்தில் 1986-லேயே வந்துவிட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னால், எல்லாம் 2000-க்கு அப்புறம்தான் ஆரம்பித்தது என்கிற எண்ணமும் போகும்.

தொகைநூல் இரண்டாம் கட்டத்துக்கு. கொஞ்சம் ருசி வந்தவரிடம் கொடுத்து, "இதில் உங்களுக்குப் பிடித்த மூன்று பேரைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் அடுத்த ஒரு வருஷத்துக்கான பரிந்துரை கையில் இருக்கும். சி.சு. செல்லப்பா 'எழுத்து' இதழில் வந்தவற்றிலிருந்து தொகுத்த 'புதுக்குரல்கள்' (1962) வரலாற்றுக்கு முக்கியம்தான். முதல் புத்தகமாக அதைக் கொடுத்து இரண்டு பேரை இழந்திருக்கிறேன். மொழிபெயர்ப்பில் நுஃமானின் 'பலஸ்தீனக் கவிதைகள்', சுகுமாரனின் நெரூதா ஆகிய இரண்டையும் தயங்காமல் சொல்வேன்.

நேரம் பார்த்துக் கொடுப்பது

சிலர் கவிதை கேட்கவே மாட்டார்கள். ஆனால் கொடுக்க வேண்டிய நேரம் வரும். அப்பாவை இழந்த சக ஊழியருக்கு நான் அனுப்பியது புறநானூறு 112, பாரி மகளிர். போன மாசம் இதே வெண்ணிலா, அப்பா இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது. இந்த மாசம் இதே வெண்ணிலா, குன்றும் போயிற்று, அப்பாவும் இல்லை. ஐந்தடி. ஆறுதல் சொல்வது ஒரு வரிகூடக் கிடையாது. அதனால்தான் அனுப்பினேன். அவர் பதில் அனுப்பவில்லை. அடுத்த பௌர்ணமிக்கு ஒரு நிலாப் படம் அனுப்பினார்.

மாமா பையன் துபாய்க்கு வேலைக்குப் போன முதல் வருஷம் சத்திமுத்தப் புலவரைக் குரல்பதிவாக அனுப்பினேன். "நாராய் நாராய் செங்கால் நாராய்". பனங்கிழங்கைப் பிளந்த மாதிரி அலகு இருக்கிற நாரையைக் கூப்பிட்டு, ஊரில் என் பெண்டாட்டியிடம் போய்ச் சொல் என்கிறான். அவளோ நனைந்த சுவரில் பல்லி சொல்லுக்குக் காத்திருக்கிறாள். இவன் மதுரையில் போர்த்தத் துணியில்லாமல், கையால் உடம்பைப் பொத்திக் காலை மடக்கிக்கொண்டு, பெட்டிக்குள் பாம்பு மூச்சுவிடுகிற மாதிரி மூச்சுவிட்டுக்கொண்டு கிடக்கிறான். "அத்தான், இங்க ரூம்ல எட்டுப் பேரு. எல்லாருக்கும் போட்டுக் காட்டினேன். பனங்கிழங்குன்ன உடனே ஒருத்தன் எந்திரிச்சு வெளிய போயிட்டான்" என்றான்.

எப்படிச் சொல்வது, எப்படி அனுப்புவது

பின்னட்டை வசனம் பேசாதீர்கள். 'தவிர்க்க முடியாத ஆளுமை', 'உங்களை உலுக்கிப் போடும்' போன்றவை எந்தப் புத்தகத்துக்கும் ஒட்டும். "முதல் நாலு கவிதை கொஞ்சம் இழுக்கும், விட்டுருங்க, 31-ஆம் பக்கத்துல ஒரு புளியமரம் வருது, அங்க ஆரம்பிங்க" என்கிற மாதிரி சொன்னால் அந்த ஆள் நம்புவார். புத்தகத்தின் குறையையும் சொல்லுங்கள். குறை சொல்லாமல் புகழ்ந்தால் விற்கிறோம் என்று நினைப்பார்.

அனுப்பும்போது வரிகளை ஒட்டிவிடாதீர்கள். வாட்ஸாப்பில் ஒரு கவிதை நாலு கை மாறினால் வரி முறிவு போய்ப் பத்தியாகிவிடும், கவிஞர் பெயர் உதிர்ந்துவிடும், ஐந்தாவது கையில் கீழே 'பாரதியார்' என்று முளைத்துவிடும். பாரதி எழுதாத கவிதைகளுக்கெல்லாம் பாரதிதான் கதி. பக்கத்தைப் படம் பிடித்து அனுப்புங்கள்; கவிஞர், தொகுப்பு, பதிப்பகம் மூன்றையும் கையால் அடித்துச் சேருங்கள். சந்தேகமிருந்தால் புத்தகத்தில் பார்த்துவிட்டு அனுப்புங்கள். ஒருநாள் தாமதமானால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

சொல்வதற்கு முன் புத்தகம் கிடைக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். நம்மூரில் கவிதைத் தொகுப்பு சில நூறு பிரதிதான் அச்சாகும். தீர்ந்தால் மறுபதிப்புக்கு வருஷக்கணக்கு ஆகலாம். கிடைக்காத புத்தகத்தைப் பரிந்துரைப்பது பெருமை பீற்றிக்கொள்வதில் சேரும். பதிப்பகத்துக்கு ஒரு போன் போட்டால் போதும். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி நடக்கும்போது பழைய தொகுப்புகள் சில மேலே வரும். மாவட்ட மைய நூலகத்தில் கவிதை அடுக்குக்கு யாரும் போவதில்லை என்பதால், வெளியே கிடைக்காதது அங்கே தூசியோடு பத்திரமாக இருக்கும். ஈழத்துப் புத்தகங்களுக்கு 'நூலகம்' இணையத்தளம் இருக்கிறது. 2005-இலிருந்து ஸ்கேன் செய்து இலவசமாக வைத்திருக்கிறார்கள்.

கொடுத்துவிட்டு "படிச்சாச்சா?" என்று துரத்தாதீர்கள். கடன் வசூலிக்கிற தொனி அதில் வந்துவிடும். நான் இப்போது கேட்பது, "எந்தப் பக்கம் பிடிக்கலை?" என்றுதான். பிடிக்காததைச் சொல்ல எல்லோருக்கும் ஆசை. அதிலிருந்து அடுத்த புத்தகம் கிடைத்துவிடும்.

இரவல் கொடுப்பதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். தேதி, புத்தகம், வாங்கியவர், அவர் சொன்னது என்று நாலு கட்டம். திரும்பி வந்தது என்று ஒரு கட்டம் முதலில் இருந்தது. எழுத வாய்ப்பே வராததால் எடுத்துவிட்டேன். இப்போது நல்ல தொகுப்பு என்றால் இரண்டாக வாங்குகிறேன், ஒன்று போவதற்கு.

போன வாரம் தம்பி மகளிடமிருந்து ஒரு படம் வந்தது. புத்தகப் பக்கம், எட்டு வரிக் கவிதை, ரயிலில் ஜன்னலோரம் வைத்து எடுத்திருக்கிறாள் போல, ஓரத்தில் கம்பியின் நிழல். மேலும் கீழும் வெட்டியிருந்தது. கவிஞர் பெயரும் இல்லை, தொகுப்பும் இல்லை. எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்று எரிச்சலோடு போன் போட்டேன்.

"யாரு எழுதினதும்மா இது?"

"மொதல்ல எப்படி இருக்குன்னு சொல்லுங்க பெரியப்பா. நீங்க சொல்றத வச்சுத்தான் அடுத்தது அனுப்புவேன்."